ஆறு ரூபாய் கார்

எங்க தோட்டத்துச் சாளையில், உரமூட்டைக்கும் தேங்காய் மட்டைக்கும் நடுவில், ஒரு பியட் 1100 நிற்கிறது. 1970 மாடல். அப்பாரு ஓட்டிய வண்டி. 1993-ல் கண் பார்வை மங்கி ஓட்டுவதை விட்டார். அன்று நிறுத்தியது நிறுத்தியதுதான். போன பொங்கலுக்குச் சாளையைக் காலி பண்ணலாம் என்று பேச்சு வந்ததும் வீடு ரெண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது.

பெரியப்பா கட்சி: "பழைய இரும்புக்காரர் 25,000 தர்றேங்குறாரு. குடுத்து உடுங்க, இடமாவது மிஞ்சும்."

சித்தப்பா பையன் கட்சி: "அண்ணா, புது பெயிண்ட், ஏசி, வேற இன்ஜின் போட்டுவிட்டா பத்து லட்சத்துக்குப் போகும்!"

நடுவில் நான். "பி.காம் படிக்கிறயில்ல, நீ சொல்லு" என்றார்கள். சொன்னேன்.

வருமான வரிக் கணக்கில் காருக்கு வழக்கமான தேய்மானம் வருஷத்துக்கு 15 சதவீதம், குறைந்து செல் மதிப்பு முறையில். அப்பாரு 20,000 ரூபாய்க்கு வாங்கினார் என்று வைத்துக்கொண்டு 50 வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் மிஞ்சுவது 5 ரூபாய் 92 காசு. ஒரு டீக்குக் கூடக் காணாது. எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் இதில் ஒரு பாடம் இருக்கிறது. தேய்மானம் என்பது விலை மதிப்பீடே கிடையாது. போட்ட காசை வருஷங்களுக்குப் பங்கு பிரித்து எழுதும் முறை, அவ்வளவுதான். வண்டி என்ன விலை போகும் என்பது அந்த நோட்டுக்குத் தெரியாது.

அப்படியானால் சித்தப்பா பையன் சொல்வது சரியா? அதுவும் இல்லை. எட்டு லட்சம் செலவு பண்ணினால் விலையில் எட்டு லட்சம் கூடும் என்பது அவன் நம்பிக்கை. வாங்குகிறவர் நம் பில்லைப் பார்த்து விலை சொல்ல மாட்டார். பல சமயம் செலவு செய்தே மதிப்பைக் குறைத்துவிடுகிறோம்.

பிரான்சில் ரோஜர் பையோன் என்ற லாரித் தொழிலதிபர் வாங்கிச் சேர்த்த கார்கள் கொட்டகைகளில் பல பத்தாண்டுகள் கிடந்தன. 2015 பிப்ரவரியில் பாரிஸில் ஏலத்துக்கு வந்தன. நடிகர் அலென் டெலான் ஒரு காலத்தில் வைத்திருந்த ஃபெராரி ஒன்றும் அதில் இருந்தது. கண்டுபிடித்தபோது அதன் மேல் பழைய பத்திரிகைக் கட்டுகள் கிடந்தன. புழுதியைக்கூடத் துடைக்காமல்தான் ஏலத்தில் நிறுத்தினார்கள். போன விலை சுமார் 1 கோடியே 63 லட்சம் யூரோ! பெயிண்ட் எத்தனை தடவை வேண்டுமானாலும் அடிக்கலாம். முதல் பெயிண்ட் ஒரு தடவைதான்.

உடனே கனவு காண வேண்டாம். அந்த ஃபெராரி மிகச் சிலவே செய்யப்பட்ட மாடல். நம் பியட் பம்பாய் குர்லா ஆலையில் ஏராளமாக வந்தது. பிறகு பிரீமியர் பத்மினி என்ற பெயரில் மும்பை டாக்சியாகவே வாழ்ந்து, 2023 அக்டோபரில்தான் அங்கே ஓய்வு பெற்றது. இது கோடி தராது. ஆனாலும் பாடம் அதேதான்: இருப்பதைக் கெடுக்காதே.

சட்டமும் அதையே சொல்கிறது. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வருஷம் தாண்டிய வண்டியைப் 'பழம்பெரும் வாகனம்' என்று பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஆனால் சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. சித்தப்பா பையனின் 'வேற இன்ஜின்' திட்டம் இங்கேயே அவுட். இன்னொன்று, கண்காட்சி, பேரணி, பராமரிப்பு மாதிரி காரணங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினமும் காலேஜுக்கு ஓட்ட முடியாது (எனக்கும் வருத்தம்தான்).

அப்போ என்னதான் செய்வது? ஓடவைக்க மட்டும் செலவு செய்வோம், மினுக்க அல்ல. இதுதான் என் கட்சி.

ஓடவைப்பதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. முதல் நாளே புது பேட்டரி மாட்டி சாவியைத் திருப்புவதுதான் பெரிய தப்பு. பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு துருப்பிடித்து ஒட்டியிருந்தால், அந்த ஒரு நொடியில் இன்ஜின் காலி. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளை வழியாகத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவிட்டு, கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். டாங்கில் இருக்கும் பழைய பெட்ரோல் பிசினாகியிருக்கும். கழுவாமல் விட்டால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். எரிபொருள் ரப்பர் குழாய்களை மாற்றியே ஆக வேண்டும். பழைய ரப்பருக்கு இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோல் ஆகாது. எலி கடித்த ஒயரைப் பார்க்காமல் கரண்ட் கொடுத்தால் சாளையே எரியும். எல்லாவற்றுக்கும் மேல், வண்டி ஓடுவதற்கு முன் நிற்க வேண்டும். பிரேக் சிலிண்டர், பிரேக் குழாய், டயர் இவையெல்லாம் முடிந்த பிறகுதான் ரோடு.

இதற்கு ஒரு உச்சவரம்பு போட்டோம்: ஒரு லட்சம். அதற்குள் ஓடாவிட்டால் நிறுத்திவிட வேண்டும். 'இவ்வளவு போட்டாச்சே' என்று மேலும் மேலும் போடக் கூடாது. போன காசு போனதுதான், அடுத்த முடிவில் அதற்கு ஓட்டு கிடையாது.

"விலைக்கு வராத வண்டிக்கு எதுக்குடா ஒரு லட்சம்?" என்றார் பெரியப்பா. நியாயமான கேள்வி. கணக்கியல் தரநிலை 26 சொல்கிறது: தானாக வளர்ந்த நற்பெயரைச் சொத்தாக ஏட்டில் எழுதக் கூடாது. அது இல்லை என்று அர்த்தமில்லை, நம்பும்படி அளக்க முடியாது என்பதால் எழுதுவதில்லை. அப்பாரு அந்த வண்டியில்தான் அத்தையைப் பிரசவத்துக்குக் கூட்டிப்போனார். அதை விலையில் சேர்த்து வாங்குகிறவரிடம் கேட்பது முட்டாள்தனம். விலையில் சேர்க்க முடியவில்லை என்பதற்காக இரும்பு விலைக்குத் தள்ளுவதும் முட்டாள்தனம். இந்த ஒரு லட்சம் முதலீடு அல்ல, செலவு. கல்யாணத்துக்குச் செலவு செய்வது மாதிரி. தெரிந்தே செய்தால் ஏமாற்றம் இல்லை.

வரும் சனிக்கிழமை ஸ்பார்க் பிளக்கைக் கழற்றப் போகிறோம். பெரியப்பாவும் வருகிறாராம், திட்டுவதற்கு. டூல்ஸ் பெட்டியை மட்டும் நேற்றே எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறார்.