எந்த வண்டியில் வந்தாய்?

யாக்கோபு தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு காட்சியைக் காட்டுகிறார். தொழுகைக்கூடத்திற்குள் இருவர் நுழைகின்றனர். ஒருவர் விரலில் பொன்மோதிரம். உடலில் பளபளக்கும் ஆடை. மற்றவர் அழுக்கேறிய கந்தையில் வருகிறார். முன்னவருக்கு நல்ல இருக்கை கிடைக்கிறது. பின்னவர் ஓரமாக நிற்கவோ, கால்மாட்டில் உட்காரவோ பணிக்கப்படுகிறார். திருப்பலியில் இவ்வாசகம் படிக்கப்படும்போது நாம் அனைவரும் தலையசைக்கிறோம். ஆனால் அந்தப் பொன்மோதிரம் வேறோர் உருவில் நம்முன் வரும்போது அதை அடையாளம் கண்டுகொள்வதில்லை. அவ்வுருவங்களுள் ஒன்றை ஒரு மிதிவண்டிக் கடையில் கண்டோம். மிதிவண்டிக் கடைக்கும் மறைமாவட்ட இதழுக்கும் என்ன உறவு என்று வாசகர் கேட்கலாம். சற்றுப் பொறுத்துப் படிக்குமாறு வேண்டுகிறோம்.

சில ஆண்டுகளுக்குமுன் ஒரு கோடையில், அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவிற்கு வடக்கேயுள்ள மரின் மாவட்டத்தில் தம்பி வீட்டில் தங்கியிருந்தோம். தம்பி மகன் அப்போது பள்ளியிறுதி வகுப்பு மாணவன். பங்கு இளைஞர் சிலர் சனிக்கிழமைதோறும் காலையில் டமால்பாய்ஸ் மலையடிவாரத்தில் கூடி, மலைமிதிவண்டிகளில் காட்டுப் பாதைகளில் ஏறி இறங்கிவருவது வழக்கம். அவர்களோடு போக அவனுக்கும் ஆசை. பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர், தம் கொட்டகையில் கிடந்த வண்டியை அவனுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். தொண்ணூறுகளின் இறுதியில் செய்யப்பட்ட எஃகு வண்டி. 26 அங்குலச் சக்கரங்கள். பின்சக்கரம் மட்டும் கோணியிருந்தது. அதை மாற்றுவதற்காகவே இருவரும் கடைக்குப் போனோம்.

கடைப் பணியாளர் முதலில் வண்டியைப் பார்த்தார். அதன் பிறகே பையனைப் பார்த்தார். இந்த அளவில் இப்போது சக்கரமே வருவதில்லை என்றார். இதற்குச் செலவழிப்பதைவிடத் தூக்கி எறிவது நல்லது என்று சொல்லிச் சிரித்தார். அவ்வேளையில் வேறொருவர் உள்ளே வந்தார். அவர் உருட்டிவந்த வண்டி கரிம இழையால் ஆனது; 10,000 டாலருக்குக் குறையாது என்று பையன் மெல்லச் சொன்னான். பணியாளர் அவரைப் பெயர் சொல்லி வரவேற்றார், உயர்ந்த முக்காலி ஒன்றை இழுத்துப் போட்டார், குளம்பி கொண்டுவந்தார். நாங்கள் இருவரும் நின்றுகொண்டிருந்தோம். யாக்கோபின் காட்சியில் ஒரு வரியும் மாறவில்லை.

பையன் கோணல் சக்கரத்தோடே மறுநாள் மலைக்குப் போனான். ‘உன் தாத்தா வண்டியா?’ என்று ஒருவன் கேட்டானாம். வயதில் மூத்தவராகிய குழுப் பொறுப்பாளரும் சேர்ந்து சிரித்தாராம். அடுத்த சனிக்கிழமை அவன் போகவில்லை. ‘கால் வலிக்குது பெரியப்பா’ என்று மட்டும் சொன்னான். ஞாயிறு மாலை நடந்த பங்கு இளைஞர் கூட்டத்திற்கும் போகவில்லை. கால்வலிக்காரன் நாற்காலியில் உட்கார்ந்து செபிக்கக்கூட ஏன் போகவில்லை என்று அவனை எவரும் கேட்கவில்லை. இந்த இடத்தில்தான் செய்தி விளையாட்டின் எல்லையைத் தாண்டிவிடுகிறது.

மலைமிதிவண்டி உலகில் ஓர் ஆளின் தரத்தை அறிவதற்கு அவரோடு பேசவேண்டியதில்லை. பின்சக்கரத்தருகே தொங்கும் பல்மாற்றியைக் குனிந்து பார்த்தால் போதும். ஷிமானோ நிறுவனத்தின் படிநிலையை அறிந்தோர் அதைச் சாதிப்பட்டியலைப்போல் மனப்பாடமாக வைத்திருக்கின்றனர்: கீழே டியோரே, அதன்மேல் எஸ்எல்எக்ஸ், அதன்மேல் எக்ஸ்டி, உச்சியில் எக்ஸ்டிஆர். உண்மையில் இப்படிகளுக்கிடையே உள்ள வேறுபாடு எத்தகையது? 2018-இல் எக்ஸ்டிஆர் 12 பின்பற்சக்கரங்களோடு வந்தது. 2020-இல் டியோரேயும் 12 பற்சக்கரங்களோடு வந்துவிட்டது. ஏறக்கூடிய மேடு ஏறத்தாழ ஒன்றே. எஞ்சியிருப்பது சில நூறு கிராம் எடை, மாற்றும்போது சற்றுக் கூடுதல் மென்மை, மெருகு ஆகியவையே. பந்தயத்தில் நொடிகளை எண்ணுவோர்க்கு அது பொருட்டாகலாம். சனிக்கிழமை காலையில் மலைக்காற்று வாங்கப் போகும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு அதனால் ஆவது என்ன?

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. அந்தப் பையனைச் சிரித்து விரட்டிய இடத்திற்கு அருகேதான் இவ்விளையாட்டே பிறந்தது. எழுபதுகளில் மரின் மாவட்டத்து இளைஞர் சிலர், முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் செய்யப்பட்டுக் குப்பைமேட்டிலும் பழைய சாமான் கடையிலும் கிடந்த ஷ்வின் வண்டிகளைச் சில டாலர் கொடுத்து வாங்கினர். பருத்த டயர், 20 கிலோவையும் தாண்டும் எடை, பின்னோக்கி மிதித்தால் மட்டுமே பிடிக்கும் பிரேக். 1976 அக்டோபர் 21 அன்று ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே அவர்கள் முதல் இறக்கப் பந்தயத்தை நடத்தினர். ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவுக்குள் 400 மீட்டர் இறக்கம். கீழே வந்து சேர்வதற்குள் பின்சக்கரக் குடத்திலுள்ள மசகு சூடேறிப் புகைந்து போய்விடும். ஒவ்வொரு முறையும் குடத்தைப் பிரித்துப் புது மசகை அடைத்தாக வேண்டும். அதனாலேயே அப்பாதைக்கு ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது. ஜோ பிரீஸ் என்பவர் இதற்கென்றே புதிய சட்டகம் செய்தது 1977-இல். கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் இத்தகைய வண்டிகளை விற்கும் தொழிலைத் தொடங்கியது 1979-இல். மோட்டார் சைக்கிளின் பிரேக் பிடி, நெடும்பயண வண்டியின் பல்மாற்றி என்று கிடைத்ததையெல்லாம் ஒட்டுப்போட்டே அவர்கள் வண்டி கட்டினர். சாலைப் பந்தயக்காரர் பலர் அவ்வண்டிகளை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. மதிக்கப்படாதவரின் பிள்ளைகள் இன்று மதிக்க மறுக்கின்றனர். எகிப்தில் அந்நியராயிருந்ததை நினைத்து அந்நியரை ஒடுக்காதிருக்கும்படி இஸ்ரயேலருக்கு ஏன் மீண்டும் மீண்டும் சொல்லவேண்டியிருந்தது என்பது இப்போது விளங்குகிறது.

‘எல்லாம் முன்னேற்றம்; பழையதைக் கட்டிக்கொண்டு அழமுடியுமா?’ என்று கடைக்காரர் கேட்பார். அவர் சொல்வதில் பாதி மெய். பல ஆண்டுகளாக 26 அங்குலமே மலைமிதிவண்டிச் சக்கரத்தின் அளவு. பிறகு 29 அங்குலம் வந்தது. அது கல்லையும் வேரையும் எளிதாகத் தாண்டும் என்பதை மறுக்கமாட்டோம். பிறகு இடையில் 27.5 அங்குலம். 2014, 2015 ஆண்டுகளில் பின்சக்கரக் குடத்தின் அகலம் 142 மில்லிமீட்டரிலிருந்து 148 ஆயிற்று. பெரிய சக்கரத்திற்கு உறுதி சேர்ப்பதற்காக என்று பொறியாளர் காரணம் சொன்னார்கள், அதுவும் பொய்யன்று. ஆனால் அந்த 6 மில்லிமீட்டரால், முந்திய ஆண்டு வாங்கிய நல்ல சக்கரம் புதிய சட்டகத்தில் பொருந்தாது போயிற்று. பல்லடுக்கைப் பொருத்தும் உருளையின் வடிவமும் நிறுவனத்திற்கு நிறுவனம் மாறிற்று. ஒரு பொருள் தேய்வதற்குமுன்பே அது பழையது என்று உடையவனை நாணச் செய்வதே இந்த வாணிகத்தின் உயிர்நாடி. தூக்கியெறியும் பண்பாட்டைப் பற்றித் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தம் ‘லவுதாத்தோ சி’ மடலில் எச்சரித்தபோது நெகிழிப் பைகளையே நாம் நினைத்தோம். ஆனால் பொருளைத் தூக்கியெறியும் கை நாளடைவில் ஆளையும் தூக்கியெறியும் என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 26 அங்குலச் சக்கரம் இப்போது வருவதில்லை என்று அந்தப் பணியாளர் சொன்னது உண்மையன்று. அது இன்றும் விற்கப்படுகிறது. குறைந்த விலைக்கே கிடைக்கிறது. அவர் அறியாமல் சொன்னாரா, அறிந்தே சொன்னாரா என்பதைத் தீர்ப்பது நம் வேலையன்று.

பாதுகாப்பு என்ற வாதம் வலுவானது. அதை ஒதுக்கிவிட்டுப் போகமுடியாது. இத்தாலியில் கோமோ ஏரிக்கு மேலே கிசாலோ மலையில் மாதாவின் சிற்றாலயம் ஒன்று உள்ளது. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1949-இல் கிசாலோ அன்னையை மிதிவண்டியாளரின் பாதுகாவலியாக அறிவித்தார். அவ்வாலயச் சுவர்களில் வெற்றி வீரர்களின் வண்டிகள் தொங்குகின்றன. அவற்றினிடையே நொறுங்கிப்போன வண்டி ஒன்றும் உண்டு. 1992 ஒலிம்பிக்கில் பொன்பதக்கம் வென்ற ஃபாபியோ கசார்தெல்லி, 1995-இல் பிரான்சைச் சுற்றும் பந்தயத்தின்போது மலையிறக்கத்தில் விழுந்து இறந்தார். அது அவர் ஓட்டிய வண்டி. அன்று அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. தலைக்கவசம், பிடிக்கும் பிரேக், தேயாத டயர், வளையாத சக்கரம் ஆகியவற்றை எவ்வளவு வற்புறுத்தினாலும் தகும். ஆனால் பாதுகாப்பு வேறு, பவிசு வேறு. பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது, மாற்றாமல் மலைக்குப் போகாதே என்று சொல்பவர் தமையன். உன் பல்மாற்றியின் பெயர் என்ன என்று கேட்பவர் தொழுகைக்கூட வாயிலில் மோதிரத்தைத் தேடுபவர்.

அமெரிக்கப் பேரங்காடிகளில் மலைமிதிவண்டிபோலத் தோன்றும் மலிவு வண்டிகள் விற்கப்படுகின்றன. மலைப்பாதையில் ஓட்டக்கூடாது என்ற எச்சரிக்கைச் சீட்டு அவற்றுள் பலவற்றில் ஒட்டப்பட்டிருக்கும். அவற்றைச் செப்பனிடும் கூலி வண்டியின் விலையையே மிஞ்சிவிடும். ஆகவே கடைகள் பல அவற்றைத் தொடவும் மறுக்கின்றன. மறுப்பதில் நியாயம் இருக்கலாம். வாங்கியவரை ஏளனம் செய்வதில் இல்லை. 2021, 2022 ஆண்டுகளில் அந்நாட்டு மெக்கானிக்குகள் பலர், இலாப நோக்கற்ற பட்டறைகளில் உழைப்போர் பெரும்பாலும், விரைவில் உடையும்படியே செய்யப்படும் வண்டிகளை நிறுத்துமாறு தயாரிப்பாளரிடமும் பேரங்காடிகளிடமும் முறையிட்டனர். பழியை எங்கே இறக்கவேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கையிலுள்ள பணத்திற்குக் கிடைத்ததை வாங்கிய தாயின் முன்னால் அவர்கள் சிரிக்கவில்லை.

நேர்மை கருதி எதிர்ப்புறத்தையும் பார்க்கவேண்டும். பல்மாற்றியே இல்லாத ஒற்றைப் பல் வண்டியில் ஏறி, ‘இதுவே தூயது, மற்றவரெல்லாம் பணத்தால் மலையேறுகிறவர்கள்’ என்று பேசும் கூட்டமும் அங்கே உண்டு. எளிமையையே மகுடமாகச் சூடிக்கொள்வோர் அவர்கள். கோவிலில் முன்னால் நின்று செபித்த பரிசேயர் எக்ஸ்டிஆர் வண்டியில்தான் வந்திருப்பார் என்று நாம் முடிவு செய்துவிடக்கூடாது. நல்ல வண்டி வாங்குவது பாவமன்று. மேலான வாழ்வை விரும்புவதில் தவறில்லை, இருத்தலைவிட்டு உடைமையை நோக்கியே வாழ்வைத் திருப்புவதே தவறு என்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1991-ஆம் ஆண்டு மடலில் தெளிவாக்கியிருக்கிறார். பத்தாயிரம் டாலர் வண்டிக்காரர் குளம்பி குடித்ததில் நமக்கு வருத்தமில்லை. பையனுக்கும் ஒரு முக்காலி போட்டிருக்கலாம்.

உயர்ந்த வண்டியையும் எளிய வண்டியையும் ஒரே கையில் ஏந்தியவர்கள் உண்டு. ஸ்ராம் என்ற அமெரிக்க நிறுவனம் 1987-இல் தொடங்கப்பட்டது. மலைமிதிவண்டிக்கு விலையுயர்ந்த பாகங்களைச் செய்வதில் ஷிமானோவிற்குப் போட்டியாக நிற்பது. அதன் நிறுவனருள் ஒருவரான எஃப்.கே.டே, 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தம் துணைவியாருடன் இலங்கைக்குச் சென்றார். வீடிழந்தவர் வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போவதற்கு ஏதுமின்றி நின்றதைக் கண்டு 2005-இல் ஓர் அறப்பணியைத் தொடங்கினார். இலங்கையில் மட்டும் 20,000-க்கும் மேற்பட்ட மிதிவண்டிகள் வழங்கப்பட்டன. பின்னர் ஆப்பிரிக்க நாடுகளுக்கென அவர்கள் வடிவமைத்த வண்டி எருமையின் பெயரைத் தாங்கியது. 20 கிலோவைத் தாண்டும் எடை. 100 கிலோ சுமையைத் தாங்கும் பின்தட்டு. கிராம் கணக்கில் எடை குறைப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், தேவை எது என்று கண்டபோது எடையைப் பற்றி வாய் திறக்கவில்லை. மரின் மலையடிவாரத்தில் பெருமை பேசுவோர் பலருடைய வண்டியில் இருப்பது அவர் நிறுவனத்தின் பாகங்களே.

அந்தக் கிசாலோ ஆலயத்தில் ஜீனோ பர்த்தாலியின் வண்டியும் இருக்கிறது. 1938, 1948 ஆகிய இரு ஆண்டுகளிலும் பிரான்சைச் சுற்றும் பந்தயத்தை வென்றவர். கார்மேல் மூன்றாம் சபையைச் சேர்ந்த பொதுநிலையினர். இத்தாலி செர்மானியர் பிடியில் இருந்தபோது, யூதர்களைக் காக்கும் பொய்ச் சான்றிதழ்களை வண்டிச் சட்டகத்தின் குழாய்க்குள் ஒளித்துக் கொண்டுசென்றார் என்பதற்காக 2013-இல் யாத் வசேம் நினைவகம் அவரை நீதிமான்களுள் ஒருவராக ஏற்றது. அக்குழாய் எஃகா, கரிமமா என்று எவரும் கேட்டதில்லை.

நம்மவருக்கும் ஒரு சொல். கலிபோர்னியக் கடைக்காரரைக் குறைகூறுவது நமக்கு எளிது. கொடையாளர் பெயரைப் பெரிய எழுத்தில் பொறித்த பெஞ்சுகளில் அமர்ந்துகொண்டு யாக்கோபைக் கேட்பவர்கள் நாம். அந்தக் குழுவில் சிரித்த பிள்ளைகளும் நம் மறைக்கல்வி வகுப்பில் வளர்ந்த பிள்ளைகளைப் போன்றோரே. அவர்களுக்கு மலையேறக் கற்றுக்கொடுத்த பொறுப்பாளர், முதல்நாள் ஒருவன் கோணல் சக்கரத்தோடு வந்தால் என்ன செய்யவேண்டும் என்பதைக் கற்றுக்கொடுக்கவில்லை. அரை மணி நேரம் தாமதித்து, கம்பிகளை முறுக்கிச் சக்கரத்தை நேராக்கியிருக்கலாம். அதற்கான சாவி அங்கிருந்த எவருடைய பையிலும் இல்லாமலிருந்திராது.

நாம் ஊர் திரும்புவதற்கு முந்திய வாரம், பக்கத்து ஊரில் தன்னார்வலர்கள் நடத்தும் பழைய மிதிவண்டிப் பட்டறை ஒன்று இருப்பதாக அறிந்து அங்கே போனோம். எண்ணெய்க் கறை படிந்த ஏப்ரனோடு ஒரு பெண்மணி வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். நல்ல எஃகு என்று தட்டிச் சொன்னார். குவியலில் தேடி 135 மில்லிமீட்டர் குடமுள்ள சக்கரம் ஒன்றை எடுத்தார். விலை 25 டாலர். பொருத்தும் வேலையைத் தாம் செய்யாமல் பையனையே செய்யவைத்தார், மாலை ஆகிவிட்டது.

அவன் இப்போதும் அவ்வண்டியில் மலையேறுகிறான், தனியாகத்தான். குழுப் பொறுப்பாளருக்கு நாம் எழுதிய கடிதத்திற்கு இன்னும் பதில் வரவில்லை.