ஓர் இல்லத்துக்குப் பதில் இன்னோர் இல்லம்

சாகணில் நம்மவர்கள் நாலு பேர் கூடும்போது, நாசிக் ரோடு சிக்னலில் கை நீட்டும் பிள்ளைகளைப் பற்றி எப்போதாவது பேச்சு வரும். "பாவம்" என்பார் ஒருவர். "யாராவது இல்லம் நடத்துபவர்களிடம் சேர்க்கலாமே" என்பார் இன்னொருவர். உடனே மூன்றாமவர், "மிஷனரிகாரர்கள்தான் எடுத்து வளர்ப்பார்கள். சும்மாவா வளர்க்கிறார்கள்? எல்லாம் மதம் மாற்றத்தான்" என்று முடித்துவிடுவார். அதோடு பேச்சு ஆபீஸ் பக்கம் திரும்பிவிடும்.

அந்த மூன்றாமவரின் கேள்வி நியாயமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். பசியோடு இருக்கும் குழந்தைக்குச் சோறும் சாமியும் ஒரே கையிலிருந்து வந்தால், அது எதை வேண்டாம் என்று சொல்லும்? கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கேட்டதோடு நம் கடமை முடிந்ததா என்பதுதான் என் சந்தேகம். இதே சண்டை 130 வருஷத்துக்கு முன்னால் நம் புனேயிலேயே நடந்திருக்கிறது. அது எப்படி முடிந்தது என்று பார்த்தால் நமக்கும் ஒரு வழி தெரியும்.

சென்னையிலிருந்து சோலாப்பூர் வழியாகப் புனே வரும் நம் ரயில்கள் தவுண்ட் தாண்டியதும் கேடகாவ் என்று ஒரு சின்ன ஸ்டேஷனைக் கடக்கும். பெட்டி படுக்கையை எடுத்து வைக்கும் அவசரத்தில் நாம் கவனிப்பதில்லை. பண்டித ராமாபாயின் முக்தி மிஷன் இருப்பது அங்கேதான்.

ராமாபாய் 1858-ல் சமஸ்கிருத பண்டிதர் குடும்பத்தில் பிறந்தவர். ஊர் ஊராய்ப் புராணம் படித்துப் பிழைத்த குடும்பம். 1870களில் தென்னிந்தியாவில் வந்த பஞ்சத்தில் அப்பா, அம்மா, அக்கா மூவரும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்த அண்ணனும் தங்கையும் நடந்தே நாட்டைச் சுற்றினார்கள். ஆக, தெருவில் பசித்துக் கிடப்பது என்றால் என்ன என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பிறகு திருமணம், ஒரு மகள், இரண்டே வருஷத்தில் விதவைக் கோலம். 1883-ல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். அமெரிக்கா போய்ப் பேசி ஆதரவு திரட்டி, 1889-ல் மும்பையில் 'சாரதா சதன்' என்று இளம் விதவைகளுக்கான பள்ளி தொடங்கினார். அடுத்த வருஷம் அது புனேக்கு வந்தது. மத விஷயத்தில் தலையிடுவதில்லை என்பது அன்றைய ஏற்பாடு. ஆனால் அவர் ஜெபம் செய்யும் அறையில் பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். 1893-ல் விஷயம் வெடித்தது. திலகரின் 'கேசரி' கடுமையாகத் தாக்கியது. அதுவரை துணை நின்ற ரானடேயும் பண்டார்கரும் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார்கள். பல வீட்டார் பெண்களைத் திரும்ப அழைத்துக்கொண்டு போனார்கள்.

பிறகு 1896-97 பஞ்சம் வந்தது. ராமாபாய் மத்திய மாகாணத்துக்குப் போய், தெருவில் கிடந்த பெண் பிள்ளைகளை நூற்றுக்கணக்கில் அழைத்து வந்தார். கேடகாவில் வாங்கிப் போட்டிருந்த நிலத்தில் குடிசை போட்டு வைத்தார். 1900 குஜராத் பஞ்சத்துக்குப் பிறகு அங்கே இருந்தவர்கள் சுமார் 2,000 பேர். முக்தி வெளிப்படையாகவே கிறிஸ்தவ இல்லம். அதை அவர் மறைக்கவில்லை.

என்னைக் கவர்ந்தது இரண்டு விஷயங்கள். ஒன்று, சோறு போட்டதோடு நிற்காமல் நெசவு, எண்ணெய்ச் செக்கு, விவசாயம், அச்சுக் கோர்ப்பது என்று ஆளுக்கொரு தொழில் கற்றுக் கொடுத்தது. இன்னொன்று, வங்கிக்காரன் என்பதால் கண்ணில் பட்டது, கணக்கு. பாஸ்டன் நண்பர்கள் 10 வருஷத்துக்குப் பணம் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். தவணை முடிந்ததும் 1898-ல் அவரே கப்பல் ஏறிப் போய்க் கணக்கு ஒப்பித்தார். மகள் மனோரமாவும் வெளிநாட்டில் படித்துத் திரும்பி அம்மாவோடு இதே வேலையில் இறங்கினார். 1921-ல் மகள் போனார், 1922-ல் அம்மா. இல்லம் இன்றும் நடக்கிறது.

சரி, எதிர்த்தவர்கள் என்ன செய்தார்கள்? பலர் கட்டுரை எழுதினார்கள், அத்தோடு சரி. ஒருவர் மட்டும் வேறு மாதிரி. பெர்குசன் கல்லூரியின் கணக்கு வாத்தியார் தோண்டோ கேசவ் கார்வே. சாரதா சதனின் முதல் மாணவிகளில் ஒருவரான கோதுபாய் என்ற விதவையை அதே 1893-ல் மணந்தார். சொந்த ஊரில் ஒதுக்கி வைத்தார்கள். அவர் அசரவில்லை. 1896-ல் இந்து விதவைகளுக்கென்றே ஓர் இல்லத்தைத் தொடங்கினார். அது 1900-ல் ஹிங்கணேயில் ஒரு குடிசைக்கு மாறியது. கல்லூரி வேலை முடிந்ததும் சாமான்களைச் சுமந்துகொண்டு நடந்தே அங்கே போவாராம். அந்த வேலை வளர்ந்து 1916-ல் பெண்கள் பல்கலைக்கழகமே வந்தது. 1958-ல், நூறு வயதில், பாரத ரத்னா.

ராமாபாயை எதிர்த்துக் கேசரியில் வந்த வரிகளை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? கார்வேயின் கல்லூரிகளில் இன்றும் பெண்கள் படிக்கிறார்கள். மதமாற்றக் கவலை உண்மையாகவே இருக்கிறவர் செய்ய வேண்டியது இதுதான். ஓர் இல்லத்துக்குப் பதில் இன்னோர் இல்லம். குழந்தைக்கு இரண்டு கதவுகள் கிடைக்கும். நம்மூரிலும் உதாரணம் உண்டு. திருநெல்வேலிச் சீமையில் ஏமி கார்மைக்கேலின் டோனாவூர் இல்லம் இருக்கிறது. 1930-ல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அவ்வை இல்லமும் சென்னையில் இருக்கிறது. இரண்டிலும் கரையேறியவர்கள் நம் பெண்கள்தான்.

இன்று நாம் ராமாபாய் மாதிரி யாரையும் நேரே வீட்டுக்கு அழைத்து வந்துவிட முடியாது. 2015 சிறார் நீதிச் சட்டப்படி, ஆதரவில்லாத குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவிடம் கொண்டுபோக வேண்டும். பதிவு பெறாத இல்லம் நடத்தக் கூடாது. நல்ல ஏற்பாடுதான். நமக்குத் தேவை 1098 என்ற எண் மட்டும். சிக்னலில் தனியாக ஒரு குழந்தையைப் பார்த்தால் பத்து ரூபாய் கொடுப்பதை விட அந்த நம்பரை அழுத்துவது மேல்.

அடுத்தது, நம் அபார்ட்மென்ட் எழும்பும்போது செங்கல் சுமந்தவர்களின் பிள்ளைகள். புனேயில் டோர் ஸ்டெப் ஸ்கூல் என்ற அமைப்பு கட்டிட வேலை நடக்கும் இடத்துக்கே போய்ப் பாடம் நடத்துகிறது. அதற்கோ, உங்கள் மனசுக்குப் பிடித்த வேறொன்றுக்கோ, கோயில் சார்ந்ததோ சர்ச் சார்ந்ததோ எதுவும் சாராததோ, வருஷா வருஷம் கொடுங்கள். கொடுத்துவிட்டுக் கணக்கு கேளுங்கள். பதினெட்டு வயதில் வெளியே போகும் பிள்ளை கையில் என்ன தொழிலோடு போகிறது என்றும் கேளுங்கள்.

இதையெல்லாம் செய்துவிட்டு மதமாற்றத்தைப் பற்றியும் தாராளமாகக் கேளுங்கள். அப்போது அந்தக் கேள்விக்கு ஒரு கனம் இருக்கும்.