அம்பாறை மாக்கட்டியும் கையடக்கத் தொலைபேசிக் கோபுரமும்

கடைத்தெருவில் கையடக்கத் தொலைபேசிக் கோபுரம் ஒன்று எழும்பப் போகிறது என்ற பேச்சு வந்தால் போதும், நமது வர்த்தகர்களின் வட்ஸ்அப் குழுக்களில் எச்சரிக்கைகள் குவியத் தொடங்கிவிடும். புற்றுநோய் வரும், பிள்ளைப்பேறு இல்லாமல் போகும், 5ஜி வந்தால் குருவிகள் செத்து விழும் என்றெல்லாம் எழுதப்பட்டிருக்கும். எழுதியவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. அனுப்பியவர் பத்து வருடமாகக் கொடுக்கல் வாங்கல் உள்ளவர் என்பதே போதுமான அத்தாட்சியாகி விடுகிறது. சரக்கு விடயத்தில் நாம் இப்படி நடப்பதில்லை. பருப்பு மூடையைக் கூட குத்திப் பார்த்துத்தான் இறக்குகிறோம்.

இந்த நாட்டில் சுகாதார வதந்தி ஒன்றினால் நேரடியாக அடிபட்டவர்கள் யார் என்று கேட்டால், முதலில் கையை உயர்த்த வேண்டியவர்கள் நாம்தான். 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் ஹோட்டலில் சாப்பிட வந்த ஒருவர், கறியில் மாக்கட்டி ஒன்றைக் கண்டார். அது மலட்டு மாத்திரை என்று கூச்சல் எழுந்தது. சிங்களம் சரிவரத் தெரியாத ஹோட்டல்காரரைச் சுற்றி நின்று கேள்வி கேட்டார்கள். தடுமாற்றத்தில் அவர் சொன்ன பதில் வீடியோவாகப் பதிவாகி, ஒப்புதல் வாக்குமூலம் என்ற பெயரில் தொலைபேசிக்குத் தொலைபேசி பறந்தது. ஹோட்டல் தாக்கப்பட்டது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது, வாகனங்கள் எரிந்தன. உணவில் கலந்து ஒருவரை நிரந்தர மலடாக்கக்கூடிய மாத்திரை எதுவும் மருத்துவ உலகில் கிடையாது என்பதும், அகப்பட்டது வெறும் மாக்கட்டி என்பதும் பிறகு உத்தியோகபூர்வமாகத் தெரிவிக்கப்பட்டன. அதற்குள் எரிய வேண்டியவை எரிந்து முடிந்திருந்தன.

அடுத்த வாரம் திகன. அதற்கு உடனடிக் காரணம் வேறு; தெல்தெனியவில் தாக்கப்பட்ட சிங்கள சாரதி ஒருவரின் மரணம். ஆனால் மாத்திரைக் கதை ஏற்கனவே மண்ணை உழுது வைத்திருந்தது. மார்ச் 6இல் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. மறுநாள் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியவை முடக்கப்பட்டன. ஏறத்தாழ ஒரு வாரம் ஓடர் எடுக்கவும் விலை கேட்கவும் இவற்றையே நம்பியிருந்த வியாபாரிகள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். தமது தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்காக பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பை வைத்து யாரும் கடை கட்டவில்லை.

இப்போது கோபுரத்துக்கு வருவோம். இது முழுக்கக் கற்பனை என்று சொல்லவும் முடியாது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2011 மே மாதத்தில் வானொலி அலைகளை ‘புற்றுநோயை ஏற்படுத்தச் சாத்தியமுடையவை’ என்ற 2பி பிரிவில் சேர்த்தது உண்மை. பலரும் சொல்லாமல் விடுவது, ஆசிய நாடுகளின் பாரம்பரிய முறையில் ஊறவைத்த மரக்கறியும் அதே பிரிவில்தான் இருக்கிறது என்பதை. ஊறுகாய்க்கு எதிராக யாரும் மகஜர் எழுதியதாகத் தெரியவில்லை. ஆதாரம் குறைவு, மேலும் ஆராய வேண்டும் என்பதே அந்தப் பிரிவின் பொருள். அவ்வாறே ஆராய்ந்தார்கள். 1994 முதல் 2022 வரை வெளியான 63 ஆய்வுகளைப் பரிசீலித்து, உலக சுகாதார ஸ்தாபனத்தின் கோரிக்கையின் பேரில் தயாரிக்கப்பட்ட அறிக்கை 2024 செப்டெம்பரில் வெளிவந்தது. கையடக்கத் தொலைபேசிப் பாவனைக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை. பத்து வருடத்துக்கு மேல் பாவித்தவர்களிடமும் காணப்படவில்லை.

இன்னொரு விடயம். நமது உடலில் படும் அலைகளில் பெரும்பகுதி தூரத்துக் கோபுரத்திலிருந்து வருவதல்ல, காதோடு ஒட்டிய தொலைபேசியிலிருந்து வருவது. கோபுரம் தூரமாகி சிக்னல் பலவீனமானால் தொலைபேசி கூடுதல் வலுவோடு அலைகளை அனுப்பும். கோபுரத்தை விரட்டியவர் தனது காதுக்குத்தான் அதைக் கூட்டிக்கொள்கிறார்.

2020 ஏப்ரலில் பிரித்தானியாவில், கொரோனாவை 5ஜி பரப்புகிறது என்ற கதையை நம்பியவர்கள் கோபுரங்களுக்குத் தீ வைத்தார்கள். பர்மிங்ஹாமில் கொரோனா நோயாளிகளுக்காக அமைத்த தற்காலிக வைத்தியசாலைக்கு இணைப்பு வழங்கிய கோபுரமும் அதில் அகப்பட்டது. அப்படியொரு இடத்தில் கிடக்கும் தந்தையைப் பார்க்க முடியாத பிள்ளைகளுக்குத் தொலைபேசி ஒன்றுதான் வழியாக இருந்திருக்கும். இலங்கையில் அந்த வருடம் 5ஜி வர்த்தக சேவை இருக்கவேயில்லை. கொரோனா அதற்காகக் காத்திருக்கவில்லை.

பிள்ளைப்பேறு பற்றிய பயத்துக்கு முஸ்லிம்கள் கொடுத்த விலையும் உண்டு. நைஜீரியாவின் கானோ மாநிலத்தில் 2003இல், போலியோ சொட்டு மருந்தில் மலடாக்கும் பொருள் கலந்திருக்கிறது என்ற சந்தேகத்தால் தடுப்பு மருந்து வழங்கல் நிறுத்தப்பட்டது. அடுத்த வருடம் முஸ்லிம் நாடான இந்தோனேசியாவிலிருந்து தருவித்த மருந்தோடுதான் மீண்டும் ஆரம்பித்தார்கள். இடைப்பட்ட காலத்தில் நோய் பரவி, போலியோவை ஒழித்திருந்த பல நாடுகளுக்கும் திரும்பிப் போனது. முடமானவை எவருடைய பிள்ளைகள் என்று சொல்லத் தேவையில்லை. கொரோனா தடுப்பூசி வந்தபோதும் இதே மலட்டுக் கதை பல நாடுகளில் சுற்றியது. நம்மீது எறியப்பட்ட அதே கல்லை நம்மவர்கள் சிலரும் பொறுக்கி எடுத்து அனுப்பிக் கொண்டிருந்ததுதான் வேதனை.

கோபுரத்தை எதிர்க்கவே கூடாது என்பதல்ல. உள்ளூராட்சி சபையின் அனுமதி இருக்கிறதா, பழைய கட்டிடத்தின் மேல்மாடி பாரத்தைத் தாங்குமா, இடிதாங்கி இருக்கிறதா, ஜெனரேட்டர் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்குமா என்பவை நியாயமான கேள்விகள். அலைகளின் அளவு பற்றித் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் எழுத்து மூலம் கேட்கலாம். வர்த்தக சங்கம் ஒரு கடிதம் எழுதினால் முடிகிற வேலை.

ஹோட்டல், பேக்கரி நடத்துவோருக்குத் தனியாக ஒன்று. சாப்பாட்டில் ஏதோ கிடக்கிறது என்று யாராவது கத்தினால், அந்தக் கோப்பையை எடுத்துக் கொட்டிவிட வேண்டாம். அப்படியே மூடி வைத்துவிட்டு பீ.எச்.ஐ.க்கும் பொலிஸுக்கும் உடனே அறிவியுங்கள். விளங்காத மொழியில் கேட்கும் கேள்விக்குத் தலையை ஆட்டாதீர்கள். சிங்களம் நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவர் எந்நேரமும் காசாளர் மேசையில் இருக்கட்டும். அவருக்குக் கொடுக்கும் சம்பளத்தைத் தீக்காப்புறுதிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.