படம் நாய்க்கு, கதிர் நமக்கா?

சென்னை–பெங்களூர் சாலையில் உள்ள பங்காருபாளையத்தில் லாரி தட்டி நாய்க்குக் கால் ஒடிவது புதிதல்ல. முன்பெல்லாம் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, மற்றதைக் கடவுளிடம் விட்டுவிடுவோம். இன்றைய பிள்ளைகள் அப்படி விடுவதில்லை. சித்தூருக்கோ, 1955-இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்ட திருப்பதிக்கோ தூக்கிச் சென்று எக்ஸ்ரே எடுக்கிறார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் ஒரு வழக்கம் மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை.

சில இடங்களில், "கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றதும் வீட்டுப் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் மேசையருகே நின்று நாயைப் பிடிக்கிறார்கள். பாசத்தில் யாரும் கேள்வி கேட்பதில்லை.

1895-இல் ராண்ட்ஜன் கண்டுபிடித்த இந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது, சுடாது. ஆகவே பயமும் இல்லை. ஆனால் ஆரம்ப நாட்களில் இதில் உழைத்த பலர் விரல்களை இழந்தனர். இன்றைய கருவிகளில் கதிரின் அளவு மிகக் குறைவு. ஒரு படத்துக்காக யாரும் நடுங்க வேண்டியதில்லை. என்றாலும் தேவையற்ற கதிர் சிறிதும் வேண்டாம் என்பதே உலகெங்கும் உள்ள விதி. நாயின் உடலில் பட்டுச் சிதறும் கதிர் பக்கத்தில் நிற்பவர் மேல் விழும். தூரத்தை இரண்டு மடங்காக்கினால் அது சுமார் கால் பங்காகக் குறையும். அறைக்கு வெளியே நிற்பது இன்னும் நல்லது.

"மயக்க மருந்து ஆபத்தாயிற்றே" என்பார்கள். மூச்சுத் திணறும் நாய்க்கும், இதய நோயுள்ள நாய்க்கும் அந்தக் கவலை நியாயமே. மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மற்றபடி, லேசான மயக்கத்தில் நாய் அதிகம் அசையாது. அசைந்தால் படம் கலங்கும், திரும்ப எடுக்க வேண்டும், செலவும் கதிரும் கூடும்.

ரயில்வேயில் தண்டவாள விரிசலை அல்ட்ராசானிக் கருவியால் தேடும்போது ஒரே கோணத்தை நம்ப மாட்டோம். எலும்பு முறிவும் அப்படித்தான். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு படம் வேண்டும். ஒன்றோடு நிறுத்துவது சிக்கனமாகாது.

ஆகவே நம் குடும்பத்தினருக்கு என் வேண்டுகோள்: கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் எக்ஸ்ரே அறைக்குள் போக வேண்டாம். பிடித்தே ஆக வேண்டுமென்றால் பெரியவர் ஒருவர் மட்டும், ஈய அங்கியும் ஈயக் கையுறையும் அணிந்து பிடிக்கட்டும். அப்போதும் கை கதிரின் நேர்ப்பாதையில் இருக்கக் கூடாது. அங்கி தராவிட்டால் தயங்காமல் கேளுங்கள். கேட்பது மருத்துவருக்கு அவமரியாதை அல்ல, நம் உரிமை.