கன்று வளர்த்தவருக்கும் கனியில் பங்கு

ஜூன் 5, சுற்றுச்சூழல் தினம் வந்தால் ஊராட்சிப் புறம்போக்கில் மாணவர்களை வரிசையாக நிறுத்தி மாங்கன்று நடவைக்கிறோம். புகைப்படம் எடுத்ததும் கலைந்துவிடுகிறோம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில்தான் தொடங்கும். அதுவரை தண்ணீர் ஊற்றுவது யார் என்று எவரும் கேட்பதில்லை. ஆடு மட்டும் அழைக்காமலே வந்துவிடுகிறது.

நடுவது அரை மணி நேர வேலை. கற்க வேண்டியது அதற்குப் பிறகுதான். ஒட்டுக்கட்டிய இடத்துக்குக் கீழே கிளம்பும் துளிரைக் கிள்ளாவிட்டால் வேர்ச்செடி ஓங்கி, ஒட்டு நலிந்துபோகும். முதல் 3 ஆண்டுகள் வரும் பூவை உதிர்த்துவிட வேண்டும். இதையெல்லாம் சொல்லித்தர ஊரில் பெரியவர்கள் இருக்கிறார்கள். நாம்தான் அவர்களைக் கூப்பிடுவதில்லை.

ஒட்டு மாங்கன்று காய்ப்புக்கு வர நான்கைந்து ஆண்டுகள் ஆகும். எட்டாம் வகுப்பில் நட்டவர் பிளஸ் டூ முடிக்கும்போதுதான் முதல் காய். அப்போது மரத்தை ஏலத்தில் எடுத்து வேறொருவர் பறித்துப்போனால், அடுத்த கன்றுக்கு எந்தப் பிள்ளை குடம் தூக்கும்? பொதுத் தோப்பில் இளைஞர்களுக்கு வேலையை மட்டும் தருவது நியாயமல்ல. விளைச்சலில் பங்கு வேண்டும். எந்த மரம் வைப்பது என்பதிலும் அவர்கள் சொல் எடுபட வேண்டும்.

அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாகவே நிறைவேற்ற ஊராட்சிகள் முன்வர வேண்டும்.