பருப்பு விலையும் குரோஸ் கூலியும்

விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தை நாளிதழ்கள் பல்லாண்டுகளாக அச்சிட்டு வருகின்றன. சாத்தூர் வட்டாரத்தில் நம் குடியிருப்புகளில் அதைப் படிப்பவர் குறைவு. மளிகைக் கடையில் கால் கிலோ பருப்பு கேட்கும்போதே நிலவரம் தெரிந்துவிடுகிறது.

விலை ஏன் ஏறுகிறது? கூலி கூடிப்போச்சு, அதனால்தான் என்று டீக்கடையில் சொல்வார்கள். துவரையையே எடுத்துக்கொள்வோம். கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் பெரும்பகுதி மானாவாரியாக விளைகிறது. மழை தவறினால் விளைச்சல் விழும்; மியான்மரையும் மொசாம்பிக்கையும் எதிர்பார்க்க வேண்டும். அந்த இடைவெளியில் சரக்கு இருப்பு வைத்திருப்பவர் கை ஓங்கிவிடும். அதனால்தான் 2023 ஜூன் 2 அன்று ஒன்றிய அரசு மொத்த வியாபாரிக்கு 200 டன், சில்லறைக் கடைக்கு 5 டன் என இருப்புக்கு வரம்பு கட்டியது. அப்படியும் அந்த ஆண்டு கிலோ 150 ரூபாயைத் தாண்டியது. எண்ணெய்க்கு வேறு கதை. 2024 செப்டம்பரில் கச்சா பாமாயில் மீதான இறக்குமதி வரி 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமாக உயர்ந்தது. தாளிப்புச் சட்டி வரை அது வந்து சேர்ந்தது. இதில் களையெடுக்கும் பெண்ணின் கூலி எங்கே இருக்கிறது?

சுமை மட்டும் அவள் தலையில். 2012ஐ அடிப்படையாகக் கொண்ட விலைவாசிக் குறியீட்டில் உணவின் பங்கு நகரத்தில் சுமார் 36 சதவீதம், கிராமத்தில் 54. ஆனால் தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலியின் பஞ்சப்படியைச் சென்னை நகரக் குறியீட்டை வைத்தே கணக்கிடுகிறார்கள். அதுவும் காகிதத்தில். பட்டாசு ஆலையில் குரோஸ் கணக்கில் கூலி வாங்குபவருக்குப் பருப்பு ஏறிய மாதம் ரேட் ஏறியதாக நாம் கேள்விப்பட்டதில்லை. மழை நாளில் வேலையே கிடையாது. கரிசலில் இரண்டு ஏக்கர் உள்ளவர் வீட்டுக்கென்று கொஞ்சம் உளுந்து, பாசிப்பயறு எடுத்து வைப்பார். நம்மில் பெரும்பாலோருக்கு அந்த இரண்டு ஏக்கர் இல்லை. 1892இல் ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலம் யார் கையில் என்று கேட்டால் தாலுகா அலுவலகத்தில் கோப்பைத் தேடுகிறார்கள்.

மிச்சமிருப்பது ரேஷன் கடை. பருப்பு 30 ரூபாய், பாமாயில் 25. 2024 மே மாதம் பல கடைகளில் இரண்டும் வரவில்லை. ஜூனில் சேர்த்து வாங்கலாம் என்றது அரசு. அந்த மாதக் குழம்புக்கு ஒரு கிலோவை வெளியே வாங்கியவருக்கு 120 ரூபாய்க்கு மேல் கூடுதல் செலவு.

மாதத்தின் முதல் வாரமே பருப்பு கடைக்கு வர வேண்டும். இருப்புப் பலகையில் அன்றன்றைய அளவு எழுதப்பட வேண்டும். குரோஸ் ரேட்டிலும் பஞ்சப்படி சேர வேண்டும். படிக்கும் பிள்ளைகள் அந்தப் பலகையை மாதந்தோறும் குறித்து வைத்து, அடுத்த கிராம சபையில் வாசிக்கட்டும்.