பழைய டீசல் ஜீப்புக்கு அலாரம்: சத்தம் மட்டும் போதுமா?

கிருஷ்ணகிரி மாவட்டம் வேப்பனப்பள்ளியிலிருந்து ஒரு பக்கம் கோலார் தங்கவயல், இன்னொரு பக்கம் குப்பம். மாந்தோப்பு ஓரத்தில் இரவு நிறுத்திய வண்டி, விடிவதற்குள் வேறு மாநிலத்துக்குப் போய்விட முடியும். பழைய பொலீரோ, எம்எம் 540 ஜீப், ஜிப்ஸி வைத்திருப்பவர்கள் அலாரம் தேடுவதற்கு இந்தப் பயம்தான் காரணம்.

புது வண்டிகளில் சாவிக்குள்ளேயே சிப் இருக்கிறது. அது பொருந்தாவிட்டால் இன்ஜின் ஓடாது. பிரிட்டன் 1998-லும் ஆஸ்திரேலியா 2001-லும் இந்த இம்மொபிலைசரைப் புது கார்களுக்குக் கட்டாயமாக்கின. அதன்பின் திருடர்களின் கவனம் அது இல்லாத பழைய கார்கள் பக்கம் போனது. நம்ம ஊர் பழைய ஜீப்பும் அந்த ரகம்தான்.

டீசல் வண்டியில் என்ன சிக்கல்?

"ரிமோட் அலாரம் போட்டுக்கோங்கண்ணா, யாரும் தொட முடியாது" என்பார் கடைக்காரர். அங்கேதான் கவனம் தேவை. பெட்ரோல் ஜிப்ஸியில் இக்னிஷன் வயரைத் துண்டித்தால் ஸ்பார்க் வராது, வண்டி நிற்கும். மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க்கே கிடையாது. அலாரம் ஸ்டார்ட்டரை மட்டும் துண்டித்தால், திருடன் வண்டியைச் சரிவில் தள்ளி, செகண்ட் கியரில் கிளட்ச்சை விட்டே கிளப்பிவிடலாம்.

எனவே கடையில் முதலில் கேட்க வேண்டியது: "இது டீசலை நிறுத்துமா?" சில வண்டிகளில் உள்ள சோலனாய்டு, கரண்ட் போனதும் டீசலை அடைத்துவிடும். அந்த வயரில் மறைவாக ஒரு சுவிட்ச் வைத்தால் வேலை முடிந்தது. வேறு சிலவற்றில் கரண்ட் கொடுத்தால்தான் அடைக்கும். அதில் வயரை வெட்டினால், இன்ஜினை நிறுத்த முடியாமல் போவதுதான் மிச்சம். கேபிளை இழுத்து நிறுத்தும் ஜீப் என்றால் டீசல் லைனிலேயே மறைவாக ஒரு வால்வு வைக்கலாம். எதுவானாலும், வண்டி ஓடும்போது இன்ஜினை நிறுத்தும் வசதி வேண்டாம். பிரேக் பூஸ்டரின் பலமும் சேர்ந்து போய்விடும்.

சென்சாரிலும் வித்தியாசம் உண்டு. துணிக்கூரை ஜீப்பில் கதவு சுவிட்சை நம்ப முடியாது. உள்ளே அசைவைப் பார்க்கும் சென்சாரோ காற்றடித்தாலே கத்தும். நாலு நாள் அப்படிக் கத்தினால், ஐந்தாம் நாள் வீட்டுக்காரரே ஆஃப் செய்துவிடுவார். உணர்திறனைக் கூட்டிக் குறைக்க முடிகிற ஷாக் சென்சார் பரவாயில்லை. ரிமோட் ஒவ்வொரு முறையும் கோடு மாறும் ரகமாக இருக்கட்டும். ஒரே கோடு என்றால் நகலெடுப்பது சுலபம்.

பேட்டரியையும் பார்க்க வேண்டும். 30 மில்லிஆம்பியர் இழுக்கும் அலாரம், ஒரு மாதம் எடுக்காத வண்டியில் சுமார் 22 ஆம்பியர்-ஹவர் குடித்துவிடும். 60 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

தோப்பில் ஹாரன் அலறினாலும் கேட்க ஆள் இல்லை. அங்கே ஜிபிஎஸ் டிராக்கர்தான் உதவும். விலை மலிவான டிராக்கர்கள் பல 2ஜி சிம்மில் ஓடுபவை, ஜியோ சிம் அவற்றில் வேலை செய்யாது. 4ஜி கருவி வாங்குவது நல்லது.

இன்சூரன்ஸ் கை கொடுக்குமா?

தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் வண்டி திருடுபோனதற்கு ஒரு ரூபாய்கூட வராது. முழு பாலிசியில், ஏஆர்ஏஐ அங்கீகரித்த கருவியைப் பொருத்தி ஆட்டோமொபைல் சங்கத்தின் சான்றும் வாங்கினால், வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் 2.5% தள்ளுபடி உண்டு. அதிகபட்சம் 500 ரூபாய்தான். தள்ளுபடிக்காக அலாரம் வாங்குவதில் அர்த்தமில்லை.

போலீஸில் உடனே புகார் கொடுத்திருந்தால், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காரணம் காட்டி கிளெய்மை மறுக்க முடியாது என 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 173-வது பிரிவுப்படி, 'இது எங்க எல்லை இல்லை' என்று சொல்லி எந்த ஸ்டேஷனும் புகாரைத் திருப்பி அனுப்பக் கூடாது. ஆன்லைனில் கொடுத்தால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். ஆர்சி, சேசிஸ் எண் போட்டோக்கள் மொபைலிலேயே இருந்தால் அந்த வேலை சீக்கிரம் முடியும்.